தண்டவாளத்தில் கட்டப்பட்டவர் ஆண், அவிழ்த்துவிட்டவர் பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மௌனப் படக் காலத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அன்றைய அமெரிக்கத் தொடர்படங்களில் வாரம் தவறாமல் ஒரு பெண்ணைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டார்கள் என்கிறது. அலறுவதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வேலையில்லை என்றும் சொல்கிறது. மேல்நாட்டிலேயே பெரும்பாலோர் இப்படித்தான் நம்புகிறார்கள். ஆகவே கட்டுரையாளர் மேல் குறையில்லை. ஆனால் அந்தக் காட்சி புகழ்பெற்ற இடத்துக்கே போய்ப் பார்த்தால், கயிற்றுக்குள் கிடப்பது ஓர் ஆண்.

1867 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் அகஸ்டின் டேலியின் 'அண்டர் தி கேஸ்லைட்' நாடகம் அரங்கேறியது. அதில் ஸ்நார்க்கி என்று ஒருவன் வருகிறான். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த முன்னாள் சிப்பாய். வில்லன் தண்டவாளத்தில் கட்டுவது அவனைத்தான். கதாநாயகி லாரா அந்த நேரத்தில் பக்கத்திலிருக்கும் ரயில் நிலையக் கொட்டகைக்குள் இருக்கிறாள். இரவு தங்க இடமில்லாமல் அவளே கேட்டு உள்ளே போனவள். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. நடப்பதையெல்லாம் பார்க்கிறாள், வெளியே வர வழியில்லை. கொட்டகையில் சரக்கோடு சரக்காகக் கிடக்கும் கோடரி ஒன்றை எடுத்துக் கதவைப் பிளக்கிறாள். ஸ்நார்க்கியை அவிழ்த்து இழுக்கிறாள். ரயில் கடந்து போகிறது. பிழைத்தெழுந்தவன் வாயில் வருவது, இப்படிப்பட்ட பெண்களுக்கா ஓட்டு கிடையாது என்கிறார்கள் என்ற கேள்வி. அமெரிக்கா முழுமைக்கும் பெண்கள் ஓட்டுரிமை அரசியல் சட்டத்தில் ஏற அதன் பிறகு 53 ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் காட்சியில் இருக்கும் உறுப்புகளைக் கவனித்தால் அது ஏன் அப்படி ஓடியது என்பது புரியும். கட்டுண்டவன் எங்கே கிடக்கிறான் என்பது தெரியும். ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியும். காப்பாற்றக்கூடியவள் எங்கே இருக்கிறாள், அவளுக்கும் அவனுக்கும் நடுவே என்ன தடை என்பதும் தெரியும். அதை உடைக்கும் கருவி ஆபத்து தொடங்கும் முன்பே பார்வையாளர் கண்ணில் பட்டுவிட்டது. விசில் சத்தம் முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில்; அதுதான் கடிகாரம். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் மிச்சமிருப்பது வெறும் கூச்சல்.

மறு ஆண்டே லண்டனில் டயன் பூசிகோ தம் நாடகத்தில் மயங்கிய ஒருவனைச் சுரங்க ரயில் பாதையில் போட்டார். அதை நியூயார்க்கில் பால்மர் என்ற அரங்க நிர்வாகி போட முயன்றபோது டேலி வழக்குத் தொடுத்தார், வென்றார். வசனம் வேறாக இருந்தாலும் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வரும் வரிசை ஆசிரியரின் சொத்துதான் என்பது 1868-இல் வந்த அந்தத் தீர்ப்பின் சாரம். பதிப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் 'டேலி எதிர் பால்மர்' வழக்கைப் படிக்கிறார்கள். ஒரு கயிற்றுக் காட்சி நீதிமன்றம் ஏறிய கதை இது.

தொடர்கதையிலும் இதே கதைதான். பகுதியின் முடிவில் பாத்திரத்தை ஆபத்தில் தொங்கவிட்டு 'தொடரும்' போடும் உத்திக்கு, ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1872–73-இல் லண்டன் மாத இதழ் ஒன்றில் எழுதிய நாவலை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். கடலோரப் பாறைச் சரிவில் தொங்குபவர் நைட் என்ற ஆண். மேலே நிற்கும் எல்ஃப்ரைட் தன் உள்ளாடைத் துணிகளைக் கழற்றிக் கிழித்து, முடிச்சிட்டு, கயிறாக்கி அவரை மேலே கொண்டுவருகிறாள். துணிக்கு எவ்வளவு பலம், முடிச்சு தாங்குமா என்பதையெல்லாம் ஹார்டி நிதானமாக எழுதியிருப்பார். அந்த நிதானம்தான் வாசகரின் மூச்சைப் பிடித்து வைக்கிறது.

திரைக்கு வரும்போது இந்த வியாபாரத்தில் பத்திரிகைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைத் தங்களுக்கு நினைவூட்டலாம். 1912-இல் எடிசன் நிறுவனம் ஒரு பெண்கள் மாத இதழோடு கைகோத்து மேரி என்ற பெண்ணின் கதையை மாதம் ஒன்றாக 12 படங்களில் சொன்னது. 1913 டிசம்பர் இறுதியில் செலிக் நிறுவனமும் 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழும் சேர்ந்து கேத்லின் வில்லியம்ஸ் நடித்த 13 பகுதித் தொடரை இறக்கின. கதை நாளிதழில், காட்சி தியேட்டரில். நோக்கம் கலை அல்ல, சிகாகோ நாளிதழ்களின் விற்பனைப் போட்டி. கதை நடப்பதாகச் சொல்லப்பட்டது இந்தியாவில், அல்லஹா என்ற பெயரில் வரைபடத்தில் இல்லாத ஒரு சமஸ்தானத்தில்! சிங்கம், சிறுத்தை எல்லாம் செலிக்கின் சொந்த விலங்குக் கூட்டத்திலிருந்து வந்தவை. பகுதி முடியும்போது ஆபத்து முடியாமல் நிற்கும் வழக்கத்துக்கு இந்தத் தொடரைத்தான் பலரும் முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

1914-இல் வந்த 'பெரில்ஸ் ஆஃப் பாலின்' இதைவிடப் பெயர் பெற்றது. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் இதழ்களுடைய துணை, பெர்ல் ஒயிட்டின் நடிப்பு, 20 பகுதிகள். தங்கள் கட்டுரை குறிப்பிடுவது இந்தத் தொடரைத்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அதன் பகுதிகள் பெரும்பாலும் அந்தந்த வாரமே ஆபத்தும் மீட்பும் முடிந்துவிடும் தனிக்கதைகள். இன்று மிஞ்சியிருப்பது ஐரோப்பாவுக்காகச் சுருக்கிய 9 பகுதி வடிவம் மட்டும். அதில் பறக்கும் பலூன் உண்டு, உருண்டுவரும் பாறை உண்டு, பாலினைத் தண்டவாளத்தில் கட்டும் காட்சி கிடையாது.

ரயில் வேண்டுமென்றால் கேலம் நிறுவனத்தின் 'ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' இருக்கிறது: 1914 முதல் 1917 வரை, ஒரு ரீல் அளவில் 119 படங்கள். நாயகி ரயில்வே தந்தி ஊழியர். கட்டுப்பாடிழந்து ஓடும் வண்டியை நிறுத்துபவர், ஓடும் ரயில் மீது குதிப்பவர், திருடனைத் துரத்துபவர் எல்லாம் அவர்தான். சில வாரங்களில் அவரையும் கட்டிப்போடுவார்கள்; பெரும்பாலும் அவரே வழி கண்டுபிடித்துக்கொள்வார். முதல் 48 படங்களில் பெரும்பாலும் ஹெலன் ஹோம்ஸ். பிறகு பெரும்பாலான படங்களில் குதிரை வித்தைக் களத்திலிருந்து வந்த ஹெலன் கிப்சன். நிலையக் கூரையிலிருந்து ஓடும் ரயிலின் கூரைமீது கிப்சன் குதித்த காட்சி புகழ்பெற்றது. கூரைக்கும் வண்டிக்கும் இடையிலான தூரத்தை முதலில் அளந்தார்கள். நின்றுகொண்டிருக்கும் ரயில்மீது குதித்துப் பழகினார். வண்டி கேமராவுக்குள் சுமார் கால் மைல் ஓட வேண்டியிருந்ததால், அது வேகமெடுக்கும் நேரத்தை விநாடிக் கணக்கில் குறித்துவைத்தார்கள். இவ்வளவு செய்தும் ஒன்று விட்டுப்போனது: நிற்கும் வண்டியில் பழகிய காலுக்கு ஓடும் வண்டியின் இழுப்பு தெரியாது. சரியாகத்தான் இறங்கினார், ஆனால் உருண்டு பெட்டியின் ஓரம்வரை போய், காற்றுப்போக்கி ஒன்றைப் பிடித்துத் தொங்கினார். காட்சி அதனால் இன்னும் நன்றாக வந்தது.

அப்படியானால் மீசை வில்லனும் தண்டவாளப் பெண்ணும் எங்கிருந்து வந்தார்கள்? கேலிப் படங்களிலிருந்து. 1913-இல் மேக் சென்னட்டின் கீஸ்டோன் நிறுவனம், கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தது. மேபல் நார்மண்டைச் சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணைத்து, ஃபோர்ட் ஸ்டெர்லிங் சம்மட்டியை ஓங்கி நிற்பார். கட்டுரைகளோடு வரும் புகைப்படம் பெரும்பாலும் இதுதான். 1917-இல் இன்னொரு சென்னட் நகைச்சுவையில் குளோரியா ஸ்வான்சனுக்கு அதே கதி. இரண்டும் ஐம்பது வருடப் பழைய மேடை நாடகங்களைக் கிண்டல் செய்ய எடுத்தவை; பார்வையாளரும் சிரிக்கத்தான் போனார்கள். பின்னால் வந்த கார்ட்டூன்கள் கிண்டலை மறுபடி கிண்டல் செய்தன. மூலத்தைப் பார்த்தவர்கள் குறையக் குறைய, நகலே மூலமாகிவிட்டது.

ரயில் வருவதும் ஆள் தப்புவதும் ஒரே ஷாட்டில் தெரியவேண்டும் என்றால் அன்று என்ன செய்தார்கள் என்பது தங்கள் வாசகர்களில் சினிமா மாணவர்களுக்குப் பயன்படலாம். எஞ்சினை நடிகருக்கு ஓரிரு அடி தள்ளி நிறுத்துவார்கள். அங்கிருந்து அது மெல்லப் பின்னால் போகும். அதைக் கேமராவில் பின்னோக்கிப் பதிவு செய்ய வேண்டும்: கைப்பிடியை எதிர்த்திசையில் சுழற்றலாம், அல்லது கேமராவைத் தலைகீழாக வைத்து எடுத்து, அந்தத் துண்டைத் தலைவால் மாற்றி ஒட்டலாம். 35 மி.மீ. ஃபிலிமில் இரு ஓரமும் துளை இருப்பதால் இரண்டாவது வழியும் சிக்கலில்லாமல் நடக்கும். திரையில் எஞ்சின் பாய்ந்து வந்து நடிகர் மூக்கருகே நிற்கும். வேகம் போதாதென்றால் விநாடிக்கு 16 ஃப்ரேமுக்குப் பதில் 8 ஃப்ரேம் எடுத்தால் போதும். மணிக்கு 15 கி.மீ. வேகம் திரையில் 30 ஆகத் தெரியும்.

இதில் காட்டிக்கொடுப்பது புகை. பின்னோக்கி எடுத்த ஷாட்டில் புகை வானத்திலிருந்து புகைபோக்கிக்குள் நுழையும். ஆகவே நெருப்பைத் தணித்து, காற்றில்லாத நேரத்தில் எடுக்க வேண்டும். சட்டத்துக்குள், அதாவது ஃப்ரேமுக்குள், கொடியோ நடமாடும் ஆளோ கூடாது. நடிகரின் தலைமுடியும் புடவைத் தலைப்பு மாதிரித் தொங்கும் துணியும் கூட எதிர்த்திசையில் பறந்து மானத்தை வாங்கும். கட்டுண்டவர் அசையாமல் கிடப்பது நடிப்புக்காக மட்டுமல்ல.

இன்னொரு வழி மாஸ்க் ஷாட். இரட்டை வேடப் படங்களில் நம்மவர்கள் செய்ததுதான்: சட்டத்தின் ஒரு பாதியை மறைத்து ரயிலை எடுத்து, ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, மறுபாதியை மறைத்து ஆளை எடுப்பது. கேமரா இம்மியும் அசையக்கூடாது. ரயில் கடக்கும்போது தரையே அதிரும் என்பதால், முக்காலியைத் தண்டவாளத்தை விட்டுத் தள்ளி வைக்காவிட்டால் இரண்டு பாதிகளும் ஒட்டுமிடத்தில் கோடு நடுங்கும்.

தந்திரம் இல்லாமல் செய்ததற்கும் விலை கொடுத்தார்கள். பெர்ல் ஒயிட்டின் கடைசி அமெரிக்கத் தொடருக்காக 1922-இல் நியூயார்க்கில், ஓடும் பஸ்ஸின் மேல்தளத்திலிருந்து உயர்மட்ட ரயில் பாதையின் இரும்புத் தூலத்தைப் பிடிக்கும் காட்சி எடுத்தார்கள். அவருக்கு டூப்பாகப் பொன்னிற விக் வைத்துக் குதித்த ஆண் பிடி தவறி விழுந்து இறந்தார். எல்லா சாகசத்தையும் பெர்ல் ஒயிட் தாமே செய்கிறார் என்று அதுவரை விளம்பரம் செய்துவந்தார்கள்.

பேசும்படத் தொடர்களில்தான் நாம் குறைகூற வேண்டிய விஷயம் இருக்கிறது. 1936 முதல் 1955 வரை ரிபப்ளிக் நிறுவனம் மட்டும் 66 தொடர்கள் எடுத்தது. பொதுவாக 12 அல்லது 15 பகுதிகள், பகுதிக்கு இரண்டு ரீல். பேசும்பட வேகத்தில் ரீலுக்கு அதிகபட்சம் 11 நிமிடம்; ரீல் முழுதும் நிறையாததால் பகுதி பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த 20 நிமிடத்தில் போன வார முடிவை மறுபடி காட்டி, தப்பவைத்து, ஒரு சண்டை போட்டு, அடுத்த ஆபத்தில் மாட்டவிட வேண்டும். எழுதுகிறவர்களுக்கு வழி அடைபட்டால் ஏமாற்றுவார்கள். போன வாரம்: நாயகன் காரில், கார் பள்ளத்தில், தீ. இந்த வாரம்: நாயகன் காரில், கதவு திறக்கிறது, குதிக்கிறான், கார் பள்ளத்தில், தீ. நடுவிலே ஒரே ஒரு ஷாட் புதிதாக முளைத்திருக்கும். ஏழு நாள் இடைவெளியில் எவனும் ஞாபகம் வைத்திருக்க மாட்டான் என்ற துணிச்சல். பையன்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

காசு தீர்ந்தால் இன்னொரு உபாயம்: பாத்திரங்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, நடந்ததைப் பேசுவார்கள், பழைய பகுதிகளிலிருந்து வெட்டிய துண்டுகள் ஓடும். நம் டிவி சீரியல்களில் மூன்று பக்கமிருந்தும் முகத்தை ஜூம் செய்து, இடி முழக்கி, முன்கதைச் சுருக்கத்தில் நான்கு நிமிடம் தின்பதைப் பார்க்கும்போது அந்தப் பரம்பரை அறுபடவில்லை என்று தெரிகிறது.

இந்தியாவுக்கு இந்த மரபு வந்த விதத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. அமெரிக்கத் தொடர்கள் இங்கே தாராளமாக ஓடின. அந்தத் தொடர்களின் சாகச நடிகர் எட்டி போலோவின் பெயர் சென்னை டென்ட் கொட்டகை ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். பம்பாயில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த வாடியா சகோதரர்கள் 1935-இல் 'ஹண்டர்வாலி' எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி எவான்ஸ் அதில் நாடியாவாகிச் சவுக்கோடு வந்தார். சிறைப்பட்டவர் அப்பா, மீட்பவர் மகள். அடுத்த ஆண்டு ரயில் கூரைமீதே சண்டை. நாடியா டூப் வைத்துக்கொள்ளாதவர். ஆக நம் நாட்டுப் பிரதியும் பெண் காப்பாற்றும் கதையாகத்தான் தொடங்கியது.

பிறகு எப்போது நம் கதாநாயகிகள் குடோன் நாற்காலிக்குப் போனார்கள்? கிளைமாக்ஸ் சண்டையை நாயகனே முழுக்கச் செய்யவேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது. அட்டைப் பெட்டிகள், தகர டிரம்கள், தலைக்கு மேலே ஒரு பல்ப், நாற்காலியில் கட்டிய நாயகி, சில சமயம் கூடவே அம்மா. நாயகி எங்கே இருக்கிறாள் என்பதைத் தவிர மேலே சொன்ன ஐந்தில் ஒன்றும் இருக்காது. நேரக் கெடு இருக்காது. அவள் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்காது. முயற்சி என்ற பேச்சே கிடையாது. அசோகவனத்தில் இருந்த சீதை, உலகங்கள் யாவையும் என் சொல்லினால் சுடுவேன், ஆனால் அது இராமன் வில்லுக்கு இழுக்கு என்று விட்டேன் என்று கம்பனில் சொல்கிறாள். அனுமன் தோளில் ஏறிப் போகவும் மறுக்கிறாள். சிறைப்பட்டவளுக்குச் சொந்தமாக ஒரு முடிவு இருந்தால் காட்சியின் நிறமே மாறிவிடும்.

விவரத்திலும் கவனம் போதாது. மயக்கமருந்து நனைத்த கர்ச்சீப்பை மூக்கில் வைத்ததும் இரண்டு விநாடியில் சரிகிறார்கள். குளோரோஃபார்ம் அப்படி வேலை செய்யாது. விடாமல் சில நிமிடம் சுவாசிக்க வேண்டும், அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். கண்ணாடித் துண்டால் தளர்ந்த கயிற்றை அறுக்கிறார்கள். தளர்ந்த கயிறு அறுபடாது, விலகிப் போகும். மணிக்கட்டுகளை எதிரெதிராக இழுத்து முறுக்கேற்றினால்தான் இழை இழையாக விடும். அப்படி இழுப்பதைக் காட்டினாலே நடிகைக்கு நடிக்க ஏதோ கிடைக்கும்.

படப்பிடிப்பில் கட்டுகிறவர்களுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய்நார்க் கயிறு திரையில் அழகு, தோலில் ரணம். அதே நிறமேற்றிய பருத்திக் கயிறு, 8 முதல் 10 மி.மீ. கனம், ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று, உள்ளே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. முடிச்சு, நுனியை இழுத்ததும் அவிழும் உருவு முடிச்சாக, அந்த நுனி நடிகரின் விரலுக்கு எட்டும்படி. தண்ணீர்த் தொட்டிக் காட்சியில் பருத்தியும் நாரும் கூடாது. நனைந்ததும் ஊதிச் சுருங்கி முடிச்சு இறுகிவிடும், அவசரத்தில் அவிழாது. வாயில் துணியைத் திணிக்காமல் உதட்டின் குறுக்கே மட்டும் கட்டவேண்டும். சளி பிடித்த நடிகருக்கு அதுவும் கூடாது. தொங்கும் காட்சியில் எடை முழுவதும் உடைக்குள் இருக்கும் ஹார்னஸ் என்ற தாங்கு வாரில்தான் இறங்கவேண்டும், மணிக்கட்டில் அல்ல. கட்டிய நாற்காலியோடு ஆளைச் சாய்க்கக் கூடாது. கை ஊன்ற முடியாதவர் தலையால்தான் விழுவார். விரல் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னால் ஷாட்டை முடித்துவிட்டு அவிழ்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சட்டத்துக்கு வெளியே கத்தரிக்கோலோடு ஒருவர் நிற்கவேண்டும். அவருக்கு அந்த ஷாட் முடியும்வரை வேறு வேலை தரக்கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை